போட்டோவும் இல்ல, பேரும் இல்ல: ஒரு குழந்தைகள் இல்லத்தோட மாசாந்திர டொனேஷன் திட்டம், 4/5

மொதல்லயே சொல்லிடறேன், இல்லத்தோட பேரை இங்க போடப் போறதில்ல. குறையும் சொல்லப் போறேன், பாராட்டவும் போறேன், ரெண்டுக்கும் பேர் அவசியமில்ல. அங்க இருக்கிற பிள்ளைங்க நாளைக்குப் பெரியவங்களாகி ஆன்லைன்ல தேடறப்போ, தாங்க வளர்ந்த இடத்துக்கு யாரோ ஸ்டார் போட்டு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? அதனால நான் ரிவ்யூ பண்றது அவங்க நடத்துற மாசாந்திர ஆதரவுத் திட்டத்தை மட்டும்தான். மாசாமாசம் கார்டுல இருந்து ஒரு தொகை தானா போயிடும், பதிலுக்கு நமக்கு ஒரு ரசீது, ஆறு மாசத்துக்கு ஒரு கடிதம், வருஷத்துக்கு ஒரு அறிக்கை. அவ்வளவுதான் சரக்கு.

இதுக்கு முன்னாடி வேற ஒரு ஸ்பான்சர்ஷிப் சைட்ல இருந்தேன், அதைச் சொன்னாத்தான் இது ஏன் புடிச்சிருக்குன்னு புரியும். அங்க உள்ள போனதும் வயசு என்ன வேணும், ஆணா பெண்ணா, எந்த நாடு அப்படின்னு ஃபில்டர் இருக்கும், செருப்பு வாங்குற சைட் மாதிரியே. ஒரு குழந்தையை செலக்ட் பண்ணா போட்டோ, முழுப் பேர், படிக்கிற ஸ்கூல், அப்பா எப்படி செத்தாரு, அம்மாவுக்கு என்ன வியாதி எல்லாம் ஒரே பக்கத்துல வந்து நிக்கும். கார்டு நம்பர் கூட போடல நான், அதுக்குள்ள இவ்வளவும் தெரியுது, அப்போ யாரு வேணா பார்க்கலாம்தானே? பணம் கட்ட ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அந்தப் பிள்ளை எழுதினதா லெட்டர் வரும், எல்லா லெட்டர்லயும் ஒரே நன்றி ஒரே வார்த்தை, யாரோ போர்டுல எழுதிப் போட்டு காப்பி பண்ணச் சொன்ன மாதிரி தெரிஞ்சுது. வியாதி விவரத்தையாவது பக்கத்துல இருந்து எடுங்கன்னு மெயில் போட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி"ன்னு ரெடிமேட் பதில் வந்துச்சு, பக்கம் அப்படியே இருந்துச்சு. விட்டுட்டேன்.

1989ல ஐநா சபை ஏத்துக்கிட்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில 16ஆவது பிரிவு குழந்தையோட அந்தரங்கத்தைப் பத்தினது. குழந்தைக்கும் தன்னோட வீட்டு விஷயம் வெளிய போகக் கூடாதுங்கற உரிமை இருக்கு. நம்ம பிள்ளையோட மெடிக்கல் ரிப்போர்ட்டை யாராவது நெட்ல போட்டா சும்மா இருப்போமா.

இந்த நிதி திரட்டற வேலை ஒன்னும் புதுசு இல்ல. லண்டன்ல ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல்னு ஒரு இல்லம், தாமஸ் கோரம்ங்கற கப்பல் கேப்டன் பல வருஷம் அலைஞ்சு 1739ல அரசாங்க அனுமதி வாங்கி ஆரம்பிச்சது. ஓவியர் ஹோகார்த் படம் கொடுத்தாரு, இசையமைப்பாளர் ஹேண்டல் 1750ல கச்சேரி நடத்தி பணம் சேர்த்துக் கொடுத்தாரு. பெரிய மனுஷங்க வந்து பார்த்துட்டுப் போறது அப்பவே ஃபேஷன். பிள்ளையைக் கொண்டு வந்து விடற அம்மாங்க பின்னாடி அடையாளம் காட்டித் திரும்ப வாங்கிக்கலாம்னு ஒரு காசோ துணித் துண்டோ குடுத்துட்டுப் போவாங்களாம், ஆனா உள்ள போனதும் பிள்ளைக்கு வேற பேர் வச்சிருவாங்க. அன்னைக்கு பேரையே அழிச்சாங்க, இன்னைக்கு பேரை பேனர்ல போடறாங்க. ரெண்டுலயும் பிள்ளைகிட்ட யாரும் கேக்கல.

சரி, இந்தத் திட்டத்துக்கு வரேன். சேர்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணேன். எடுத்தவங்க அங்க அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவங்க போல. எந்தக் குழந்தைக்கு என் பணம் போகும்னு கேட்டேன்.

"எந்தக் குழந்தைக்கும் தனியா போகாது சார். மொத்தமா ஒரே கணக்குலதான் சேரும்."

"போட்டோ ஏதாவது அனுப்புவீங்களா?"

"அனுப்ப மாட்டோம் சார். கட்டடம் போட்டோ வேணா அனுப்பறேன், நல்லா பெயிண்ட் அடிச்சிருக்கோம்."

சிரிச்சுட்டேன். நேர்ல வரலாமான்னு கேட்டதுக்கு, ஆபீஸுக்கு வரலாம், கணக்கு புக்கைப் பார்க்கலாம், பிள்ளைங்க இருக்கிற வீட்டுக்குள்ள விடறதில்லன்னு சொன்னாங்க. "உங்க வீட்டு ஹால்ல ஞாயித்துக்கிழமை முன்பின் தெரியாத அம்பது பேர் வந்து உக்காந்தா எப்படி சார் இருக்கும்"னு அவங்க கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

நண்பர்கள்கிட்ட சொன்னா பாதிப் பேர் முகம் சுளிக்கிறாங்க, நம்ம காசு குடுக்கிறோம் பார்க்கக் கூட விடலன்னா எப்படி நம்பறதுன்னு. நம்பிக்கைக்கு கணக்கைப் பார்க்கணும், குழந்தையைப் பார்த்து என்ன தெரியப் போகுது. பார்க்க விடற இடத்துலதான் நான் ஜாஸ்தி யோசிப்பேன். பிறந்தநாளுக்கு போய் கேக் வெட்டி, மடியில வச்சு போட்டோ எடுத்து, சாயங்காலம் டாட்டா காட்டிட்டு வந்துடுவோம். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் இன்னொரு அங்கிள், அதுக்கு அடுத்த வாரம் இன்னொரு ஆன்ட்டி, யாருமே திரும்பி வர்றதில்ல. புதுசா வர்றவங்க மேல எல்லாம் ஓடி வந்து ஏறிக்கிற பிள்ளையைப் பார்த்து எவ்வளவு பாசம்னு நம்ம ஆளுங்க உருகிடுவாங்க. உண்மையில அது பெரிய எச்சரிக்கை, நிலையா ஒருத்தரும் இல்லாம வளர்ற குழந்தைங்கதான் வித்தியாசம் பார்க்காம எல்லார்கிட்டயும் போகும்னு இந்தத் துறை டாக்டர்கள் ரொம்ப நாளா சொல்லிட்டு இருக்காங்க.

பார்க்க வர்றவங்க கூட்டம் இல்லத்தையே உண்டாக்கும்ங்கறதும் நடந்திருக்கு. கம்போடியாவுல 2005ல இருந்து 2010க்குள்ள இல்லங்களோட எண்ணிக்கை 75 சதவீதம் கூடுச்சு, அனாதைங்க கூடினதால இல்ல, டூரிஸ்ட்டும் டொனேஷனும் கூடினதால. அங்க இருந்த பிள்ளைங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருந்தாங்க. இந்த மாதிரி பணத்துக்காக பிள்ளைங்களை இல்லத்துக்கு அள்ளிட்டு வர்றதை 2017ல ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு நவீன அடிமைத்தனம் பத்தின விசாரணையிலயே எடுத்துக்கிட்டுப் பேசுச்சு. நல்ல மனசோட குடுத்த காசுதான் எல்லாம்.

இப்போ காசு எங்க போகுதுங்கறது. வருஷ அறிக்கை கையில வந்ததும் நான் மொதல்ல பார்த்தது சம்பளக் கணக்கு. பாதிக்கு மேல பராமரிப்பாளர்கள் சம்பளம். இதைப் பார்த்துட்டு "என்னப்பா குழந்தைங்களுக்குன்னு வாங்கிட்டு ஸ்டாஃபுக்கு சம்பளம் குடுக்கறாங்க"ன்னு கேக்கறவங்க உண்டு. குழந்தைக்கு வேற என்ன வேணும்னு நினைக்கறீங்க? ராத்திரி ஜுரத்துல அழற பிள்ளையைத் தூக்க ஒரு ஆள் வேணும், அதே ஆள் நாளைக்கும் அடுத்த வருஷமும் இருக்கணும், அதுக்கு அவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் போகணும். "உங்க காசு 100 சதவீதம் குழந்தைக்கே"ன்னு விளம்பரம் போடற இடத்தைப் பார்த்தா எனக்கு உடனே ஆடிட்டர் ஃபீஸை யாரு கட்டறாங்க, கரண்ட் பில்லை யாரு கட்டறாங்கன்னுதான் கேக்கத் தோணும்.

ருமேனியாவுல செஞ்ச ஆராய்ச்சி ஒன்னு இருக்கு, புக்கரெஸ்ட்ல 2000 வாக்குல ஆரம்பிச்சது. இல்லங்கள்ல இருந்த 136 குழந்தைங்க, எல்லாம் கைக்குழந்தையும் தத்தித் தத்தி நடக்கிற வயசும். பாதிப் பேரை குலுக்கல் முறையில தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்கள்ல விட்டாங்க, மீதிப் பேர் வழக்கம் போல இல்லத்துல. குடும்பத்துக்குப் போன பிள்ளைங்களுக்கு அறிவுத்திறன், பேச்சு, ஒட்டுதல் எல்லாமே மேல வந்துச்சு, அதுலயும் ரெண்டு வயசுக்கு முன்னாடி போனவங்களுக்கு ரொம்பவே. இல்லத்துலயும் கூரை இருந்துச்சு, கட்டில் இருந்துச்சு, நேரத்துக்கு சாப்பாடு வந்துச்சு. இவன் என் பிள்ளைன்னு கவனிக்க ஒரு ஆள்தான் இல்ல. ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் முகம் மாறிட்டே இருந்துச்சு.

அதனால இந்த இல்லத்தோட அறிக்கையில எனக்கு ரொம்பப் புடிச்ச வரி எது தெரியுமா, "இந்த வருடம் வேலையை விட்டுச் சென்ற பராமரிப்பாளர்கள்" அப்படின்னு ஒரு எண்ணிக்கை, பக்கத்துல போன வருஷ எண்ணிக்கை. வேற எந்த இல்லமும் இதைப் போட்டு நான் பார்த்ததில்ல. புதுக் கட்டடம் திறந்தோம், கம்ப்யூட்டர் ரூம் திறந்தோம்னு கலர் கலரா போடுவாங்க, எத்தனை அக்காங்க விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்ல மாட்டாங்க.

கடிதமும் அப்படித்தான், உருக்கமா ஒன்னும் இருக்காது. கடைசியா வந்தது முழுக்க வாஷிங் மெஷினைப் பத்தி, நிஜமா. இவங்க பெரிய ஹால் மாதிரி இல்லாம சின்னச் சின்ன வீடா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒரு வீட்டுக்கு நிரந்தரமா ரெண்டு பராமரிப்பாளர், அண்ணன் தங்கச்சி வந்தா பிரிக்காம ஒரே வீடு. 1949ல ஆஸ்திரியாவுல இம்ஸ்ட்ங்கற ஊர்ல ஹெர்மன் க்மைனர் எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமம் ஆரம்பிச்சாரே, அந்த வழி. அதுல ஒரு வீட்டுக்கு ரெண்டாவது மெஷின் வாங்கியிருக்காங்க. புதுசா வந்த பிள்ளைங்க சில பேர் ராத்திரி படுக்கையை நனைச்சுடுவாங்களாம், எட்டு வயசு பத்து வயசுல கூட, பயந்து வந்த பிள்ளைங்கதானே. ஒரே மெஷின் இருந்தப்போ ஈர பெட்ஷீட் எல்லாம் மத்தியானம் வரைக்கும் வாசல்ல குமிஞ்சு கிடந்து யாருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு, கிண்டல் ஆரம்பிச்சுது. இப்போ மத்த பிள்ளைங்க எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே ஒரு லோடு ஓடி முடிஞ்சிருது, ரப்பர் ஷீட்டும் எல்லா மெத்தைக்கும் போட்டாச்சு, நனைக்கிறவனுக்கு மட்டும்னு இல்லாம. அவ்வளவுதான் கடிதம். அடியில மெஷின் பில்லோட காப்பி. ஒரு பிள்ளையோட பேரு கூட இல்லாம அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு எனக்கு இவ்வளவு தெரிஞ்சுது, பழைய சைட்ல போட்டோவோட வந்த எந்த லெட்டர்லயும் இதுல கால்வாசி தெரியல.

இன்னொன்னு, அறிக்கையில பிள்ளைங்க எண்ணிக்கை குறைஞ்சிருக்கு, அதை அவங்க சந்தோஷமா மொதல் பக்கத்துலயே போட்டிருக்காங்க. எனக்கு மொதல்ல ஆச்சரியம்தான். சாதாரணமா இல்லம்னா போன வருஷம் இத்தனை பேர், இந்த வருஷம் அதை விட ஜாஸ்தின்னுதான் பெருமையா சொல்வாங்க. இவங்க சமூகப் பணியாளர் ரெண்டு பேரை வச்சு ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக்காரங்க யாரு எங்க இருக்காங்கன்னு தேடறாங்க. பாட்டி இருக்காங்க, சித்தி இருக்காங்க, வச்சுக்க மனசு இருக்கு, வசதிதான் இல்லன்னா அந்த வீட்டுக்கு மாசாமாசம் இங்க இருந்து பணம் போகுது, ஸ்கூல் ஃபீஸ் போகுது, பணியாளர் நேர்ல போய் பார்த்துட்டு வர்றாங்க. அப்படி அனுப்பின பிள்ளைங்கள்ல திரும்ப இல்லத்துக்கே வந்தவங்க எண்ணிக்கையும் இருக்கு. மறைக்கல.

இதை நான் இவ்வளவு இழுக்கறதுக்குக் காரணம் இருக்கு. உலகம் முழுக்க இல்லங்கள்ல இருக்கிற குழந்தைங்கள்ல அஞ்சுல நாலு பேருக்காவது அம்மா அப்பால ஒருத்தராவது உயிரோட இருக்காங்கன்னு சேவ் த சில்ட்ரன் 2009லயே அறிக்கை விட்டுச்சு. யூனிசெஃப் 2015 கணக்குல உலகத்துல கிட்டத்தட்ட 14 கோடி அனாதைக் குழந்தைங்கன்னு வரும், விளம்பரத்துல எல்லாம் அந்த நம்பரைத்தான் தூக்கிப் போடுவாங்க, ஆனா அந்தக் கணக்குல அம்மா அப்பால ஒருத்தர் இறந்திருந்தாலே சேர்த்துடுவாங்க, ரெண்டு பேரையும் இழந்தவங்க 1.51 கோடி. அதுவும் பெரிய நம்பர்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவங்கள்லயும் பெரும்பாலானவங்க பாட்டி தாத்தா, மாமா அத்தைன்னு யாரோ ஒரு சொந்தத்துகிட்டதான் வளர்றாங்க. இல்லத்துக்கு வர்ற பிள்ளையில நெறைய பேர் வறுமையால வர்றவங்க. வறுமை ஒன்னை மட்டும் காரணமா வச்சு பிள்ளையைக் குடும்பத்துல இருந்து பிரிக்கக் கூடாதுன்னு 2009 டிசம்பர்ல ஐநா பொதுச்சபை ஏத்துக்கிட்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் சொல்லுது. அதுலயே இன்னொரு விஷயமும் இருக்கு, பராமரிப்புக்கு நிதி குடுக்கிற முறை பிள்ளையைத் தேவையில்லாம இல்லத்துல சேர்க்கவோ ரொம்ப நாள் வச்சுக்கவோ தூண்டற மாதிரி இருக்கக் கூடாது.

இப்போ தலைக்கு இவ்வளவுன்னு ஸ்பான்சர் வாங்கற திட்டத்தை யோசிச்சுப் பாருங்க. பிள்ளை வீட்டுக்குப் போயிட்டா அந்த வருமானம் நின்னுடும். அப்புறம் எந்த மேனேஜர் பாட்டியைத் தேடிப் போவாரு? அவரு கெட்டவரா இருக்கணும்னே இல்ல, மாசக் கடைசியில சம்பளம் போடணுமே. மொத்தமா ஒரே கணக்குல வாங்கறதால இவங்களுக்கு அந்தச் சிக்கல் இல்ல, ஒரு பிள்ளை கிளம்பினாலும் என் பணம் அப்படியே வரும். இந்தத் திட்டத்துல எனக்குப் பெருசா தெரியறது இதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

பொருளா குடுக்கறவங்களுக்கு ஒரு லிஸ்ட் வச்சிருக்காங்க, மாசம் மாறினா லிஸ்ட்டும் மாறும். இந்த மாசம் இருந்தது சைஸ் வாரியா உள்ளாடை, சானிட்டரி நேப்கின், பேன் சீப்பு, பல் டாக்டர் செலவு. கீழயே "வேண்டாதவை"ன்னு இன்னொரு லிஸ்ட்: பழைய துணி, பொம்மை, கலர் பென்சில். கலர் பென்சில் ஒரு பீரோ நிறைய இருக்காம். நம்ம ஜனங்க ஒரே மாதிரி யோசிக்கிறோம் போல.

குறைங்க இருக்கு, அதுக்குத்தான் ஒரு ஸ்டாரைப் பிடிச்சு வச்சிருக்கேன். பேமென்ட் பக்கம் மகா மோசம், மொபைல்ல ஓப்பன் பண்ணா பட்டன் ஸ்க்ரீனுக்கு வெளிய போயிடுது, ஓடிபி போட்டதும் வெள்ளைத் திரை, பணம் போச்சா இல்லையான்னு பேங்க் மெசேஜைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும். ரசீதுல என் பேர்ல ஒரு எழுத்து தப்பு, சொல்லி சரி பண்ணாங்க, அடுத்த மாசம் மறுபடி அதே தப்பு. அறிக்கை வரவேண்டிய மாசத்துல வர்றதில்ல. வருஷக் கடைசியில மட்டும் மெயில் கொஞ்சம் ஓவர், "இன்னும் மூணு நாள்தான்"னு எல்லாம் எழுதறாங்க, வாஷிங் மெஷின் கடிதம் எழுதின கைதான் இதையும் எழுதுதான்னு சந்தேகமா இருக்கும். தொகையைக் குறைக்கறதும் நிறுத்தறதும் மட்டும் சுலபம், ரெண்டு க்ளிக்தான், ஏன் எதுக்குன்னு கேள்வி கிடையாது, ஒரு மாசம் கை இறுக்கமா இருந்தப்போ பாதியா குறைச்சேன், யாரும் ஃபோன் போட்டு உருகல.

ஆனா பெரிய குறை 18 வயசுக்கு அப்புறம் என்னங்கறதுதான். அறிக்கையில இவ்வளவு விவரமா எழுதறவங்க, வெளிய போற பிள்ளைங்களைப் பத்தி ஒரே ஒரு வரி எழுதியிருக்காங்க, "வழிகாட்டி அனுப்பப்பட்டனர்". எங்க அனுப்பினாங்க? வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் யாரு குடுத்தா, சர்டிஃபிகேட் எல்லாம் கையில இருக்கா, பேங்க் அக்கவுண்ட் திறந்தாங்களா, ஜுரம் வந்தா யாருக்கு ஃபோன் பண்ணும் அந்தப் பொண்ணு? நம்ம வீட்டுப் பிள்ளைங்க வேலைக்குப் போய் மூணு வருஷம் ஆனாலும் மாசக் கடைசியில நம்மகிட்டதான் கை நீட்டுதுங்க, இவங்களுக்கு பிறந்தநாள் அன்னைக்கே பெட்டியைக் குடுத்துட்டா எப்படி. ஐநா வழிகாட்டுதல்லயே வெளிய போறதுக்கு முன்னாடியே தயார் பண்ணணும், போனதுக்கு அப்புறமும் துணை இருக்கணும்னு தனியா இருக்கு. அதைத்தான் இவங்க கோட்டை விடறாங்களா, இல்ல செஞ்சுட்டு எழுதாம இருக்காங்களான்னு எனக்குத் தெரியணும்.

யாருக்கு இது செட் ஆகும்னா, குடுத்துட்டு மறந்துடறவங்களுக்கு நல்லா ஆகும், எக்செல் ஷீட் பார்த்து சந்தோஷப்படறவங்களுக்கு இன்னும் நல்லா ஆகும். ஒரு பிள்ளையோட நேரடியா உறவு வேணும், அது நம்மளை மாமான்னு கூப்பிடணும்னு ஆசை இருந்தா இது வேஸ்ட், அந்த ஆசை தப்புன்னும் சொல்ல மாட்டேன், அதுக்கு வளர்ப்புக் குடும்பமாவோ தத்தெடுக்கவோ முறைப்படி பதிவு பண்ணி வர்ற வழி இருக்கு, அங்க வருஷக்கணக்குல கூட நிக்கணும். வேற இல்லம் பார்க்கறவங்க, ஃபோன்ல ஒரு கேள்வி மட்டும் கேளுங்க, போன வருஷம் எத்தனை பிள்ளைங்க சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாங்கன்னு. நம்பர் டக்குன்னு வந்தா மேல பேசலாம். "எங்ககிட்ட வந்தா எங்க பிள்ளைதான், எங்கயும் அனுப்ப மாட்டோம்"னு பெருமையா பதில் வந்தா நான் கார்டை உள்ள வச்சுடுவேன். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்துல இருக்கான்னும் கேளுங்க, இருந்தா அனுப்பிடுவாங்க, இல்லன்னா "எல்லாம் குடும்பம் மாதிரிதான்"னு ஆரம்பிப்பாங்க.

18 வயசு விஷயமா மெயில் போட்டிருக்கேன், அக்கவுண்ட்ஸ் மேடம் "கேட்டுச் சொல்றேன் சார்"னு பதில் போட்டாங்க, அதுக்கு மேல ஒன்னும் வரல. வந்தா அப்டேட் பண்றேன், பதிலைப் பொறுத்து ஸ்டார் ஏறும், இல்ல இறங்கும்.